துடிப்பு சீரானது, சாவு கூடியது: காஸ்ட் மருந்துச் சோதனை – ஒரு நிகழ்வு ஆய்வு

ஹோல்ட்டர் என்று ஒரு சின்னக் கருவி உண்டு. நெஞ்சில் சில ஒட்டுகளை ஒட்டி, வயரை இடுப்பில் தொங்கும் பெட்டியோடு இணைத்து வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். 24 மணி நேரம் இதயத்தின் ஒவ்வொரு துடிப்பையும் அது பதிந்துகொண்டே இருக்கும். மறுநாள் அந்தப் பதிவை விரித்துப் பார்த்தால் ஒரே அச்சில் வார்த்த மாதிரி ஒல்லியான கூர்முனைகள் வரிசையாகப் போகும். நடுவில் திடீரென்று ஒன்று, நேரத்துக்கு முன்பே வந்து நிற்கும். அகலமாக, கோணலாக, முன்னே பின்னே இருப்பவற்றோடு ஒட்டாமல். அதை அடுத்து ஒரு சிறு வெற்றிடம், அப்புறம் பழைய வரிசை. அந்த வெற்றிடத்தைத்தான் சிலர் 'நெஞ்சு ஒரு துடிப்பு தப்பின மாதிரி இருக்கு' என்று சொல்வார்கள். பலருக்கு அப்படி ஒன்று நடப்பதே தெரியாது.

இதயத்தின் கீழறையிலிருந்து முறை தவறிக் கிளம்பும் இந்தத் துடிப்பை இங்கே முந்து துடிப்பு என்று வைத்துக்கொள்வோம். இதை அடக்குவதற்காகக் கொடுக்கப்பட்ட மாத்திரைகளைப் பற்றியும், அந்த மாத்திரைகளைச் சோதித்துப் பார்த்த காஸ்ட் என்ற கிளினிக்கல் ட்ரயலைப் பற்றியும்தான் இந்தக் கட்டுரை. மருந்துச் சோதனை என்றால் என்ன, அது ஏன் வேண்டும், அதில் எதை எண்ண வேண்டும் என்று யாராவது என்னிடம் கேட்டால், நான் முதலில் எடுத்துச் சொல்வது இந்த ஒரு சோதனையைத்தான். ஏனென்றால் இதில் மருந்து தோற்கவில்லை. எதற்காகக் கொடுக்கப்பட்டதோ அந்த வேலையைக் கச்சிதமாகச் செய்தது. செய்துகொண்டே ஆட்களைக் கொன்றது.

எல்லோருக்கும் நியாயமாகப் பட்ட ஒரு கணக்கு

1970களிலும் 80களிலும் மாரடைப்பிலிருந்து பிழைத்தவர்களைத் தொடர்ந்து கவனித்தபோது ஒரு விஷயம் தெளிவாகத் தெரிந்தது. முந்து துடிப்பு அதிகமாக வருகிறவர்கள், வராதவர்களைவிடச் சீக்கிரம் இறக்கிறார்கள். அதிலும் பலர் திடீரென்று, சில நிமிடங்களில் போய்விடுகிறார்கள். அப்படிப்பட்ட திடீர் மரணங்களில் பெரும்பாலும் நடப்பது இதுதான்: கீழறையின் தாளம் முற்றிலும் குலைந்து, இதயம் துடிப்பதற்குப் பதில் வெறுமனே நடுங்கத் தொடங்குகிறது, ரத்தம் வெளியே போவதில்லை.

சரி, முந்து துடிப்பு அந்தப் பெரிய குழப்பத்துக்குத் தீப்பொறி மாதிரி என்றால், பொறியை அணைத்துவிட்டால் தீ பிடிக்காது அல்லவா? இப்படித்தான் கணக்குப் போட்டார்கள். இதில் முட்டாள்தனம் எதுவும் இல்லை. நீங்களோ நானோ அப்போது அந்த நாற்காலியில் இருந்திருந்தாலும் அதையேதான் நினைத்திருப்போம்.

பொறியை அணைக்கும் மருந்துகளும் வந்து சேர்ந்தன. அமெரிக்காவில் ஃப்ளெகைனைடு 1985இலும் என்கைனைடு 1986இலும் அனுமதி பெற்றன. சோவியத் நாட்டில் உருவாக்கப்பட்ட மோரிசிசின் மூன்றாவது. இவற்றை எடுத்துக்கொண்டவர்களின் ஹோல்ட்டர் பதிவில் முந்து துடிப்புகள் மளமளவென்று குறைந்தன. டாக்டருக்கும் மகிழ்ச்சி, நோயாளிக்கும் மகிழ்ச்சி. எந்தத் தொந்தரவும் இல்லாமல் ஹோல்ட்டரில் மட்டும் முந்து துடிப்பு தெரிந்தவர்களுக்கும் இந்த மாத்திரைகள் எழுதிக் கொடுக்கப்பட்டன.

பெரிய சோதனைக்கு முன்னால் கேப்ஸ் என்று ஒரு முன்னோட்டச் சோதனை நடந்தது. சுமார் 500 பேர். எந்த மருந்து முந்து துடிப்பை நன்றாக அடக்குகிறது என்று பார்ப்பதுதான் அதன் வேலை. என்கைனைடு, ஃப்ளெகைனைடு இரண்டும் 100 பேரில் ஏறக்குறைய 80 பேருக்கு அடக்கின. வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில்கூட 37 சதவீதம் பேருக்கு முந்து துடிப்பு தானாகவே குறைந்திருந்தது! இந்த எண்ணில் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். மருந்தே இல்லாமல் மூன்றில் ஒருவருக்குமேல் 'குணமாகிறது' என்றால், ஒப்பிட ஆளில்லாமல் ஒரு டாக்டர் தன் நோயாளியின் ஹோல்ட்டரை மட்டும் பார்த்து 'மருந்து வேலை செய்கிறது' என்று சொல்வதற்கு எவ்வளவு மதிப்பு இருக்க முடியும்? ஆனால் கேப்ஸ் சின்னச் சோதனை. யார் பிழைத்தார்கள், யார் இறந்தார்கள் என்று முடிவு சொல்லும் அளவுக்கு அதில் ஆட்கள் இல்லை.

சோதனையை அமைத்த விதம்

1987இல் அமெரிக்காவின் தேசிய இதயம், நுரையீரல், ரத்த ஆய்வு நிறுவனம் பணம் கொடுத்துக் காஸ்ட் தொடங்கியது. அமெரிக்காவோடு கனடா, சுவீடன் நாட்டு மையங்களும் சேர்ந்தன. கேள்வி ஒன்றே ஒன்று: மாரடைப்பு வந்து பிழைத்தவருக்கு முந்து துடிப்பை மருந்தால் அடக்கினால், அவர் திடீரென்று இறப்பது குறையுமா?

இந்தச் சோதனை நடக்கக் கூடாது என்று சொன்னவர்கள் இருந்தார்கள். மருந்துக் கம்பெனியைச் சொல்லவில்லை, டாக்டர்களைத்தான் சொல்கிறேன். 'மருந்து இருக்கிறது, அது வேலை செய்வது கண்ணுக்குத் தெரிகிறது, அப்படியிருக்க ஆபத்தில் இருக்கிற ஒருவருக்கு வெற்று மாத்திரையைக் கொடுப்பது அநியாயம் இல்லையா?' என்பது அவர்கள் வாதம். மனசாட்சியோடு பேசியவர்கள்தான். இன்றைக்கும் ஒரு சோதனையில் சேரச் சொல்லி ஒப்புதல் படிவத்தை நீட்டும்போது நோயாளியின் வீட்டார் முதலில் கேட்பது இதைத்தான்: 'எங்க ஆளுக்கு வெறும் மாத்திரை வந்துட்டா?' இந்தக் கேள்விக்குக் காஸ்ட் கொடுத்த பதில் பின்னால் வருகிறது.

சேர்த்துக்கொள்ளப்பட்டவர்கள், மாரடைப்பு வந்து ஆறு நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் இருந்தவர்கள். ஹோல்ட்டரில் மணிக்குச் சராசரியாக ஆறு முந்து துடிப்பாவது இருக்க வேண்டும், தொந்தரவு இல்லாமலோ லேசாகவோ இருக்க வேண்டும். முதல் கட்டத்தில் எல்லோருக்கும் உண்மையான மருந்துதான். டாக்டருக்கும் நோயாளிக்கும் தெரிந்தே, அளவைக் கூட்டிக் குறைத்து, ஒன்று சரிப்படாவிட்டால் இன்னொன்றை மாற்றி, முந்து துடிப்பு 80 சதவீதமாவது குறைகிறதா என்று பார்த்தார்கள். குறைந்தவர்களை மட்டும் அடுத்த கட்டத்துக்கு எடுத்தார்கள். அங்கேதான் குலுக்கல். பாதிப் பேருக்கு அதே மருந்து, பாதிப் பேருக்கு அதே மாதிரி இருக்கும் வெற்று மாத்திரை. யாருக்கு எது என்று டாக்டருக்கும் தெரியாது, நோயாளிக்கும் தெரியாது.

1989 மார்ச் கடைசிவரை 2,309 பேர் முதல் கட்டத்துக்கு வந்திருந்தார்கள். அவர்களில் 1,727 பேருக்கு, அதாவது நான்கில் மூன்று பேருக்கு, ஏதாவது ஒரு மருந்தில் முந்து துடிப்பு அடங்கிக் குலுக்கலுக்குப் போனார்கள்.

முதல் கட்டத்தை இப்படி வைத்ததில் ஒரு பாதகம் இருக்கிறது. முதல் கட்டத்திலேயே மருந்து ஒத்துக்கொள்ளாமல் போனவர்கள், இறந்தவர்கள், அடங்காதவர்கள் எல்லோரும் குலுக்கலுக்கு முன்பே கழிந்துவிடுகிறார்கள். மிஞ்சுகிறவர்கள் ஓரளவு தெம்பானவர்கள், மருந்தைத் தாங்கிக்கொண்டவர்கள். அதாவது மருந்து ஜெயிப்பதற்கு வசதியான களம் இது. எதிர்பார்த்ததைவிட வெற்று மாத்திரைக் குழுவில் சாவு குறைவாகவே இருந்ததற்கும் இது ஒரு காரணம். இவ்வளவு சாதகம் இருந்தும் என்ன நடந்தது என்பதைப் பார்க்க வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. 'மருந்து நன்மை செய்கிறதா, செய்யவில்லையா' என்ற ஒரு திசையை மட்டும் பார்க்கும்படிதான் முதலில் புள்ளியியல் கணக்கு வகுக்கப்பட்டிருந்தது. தீமை செய்யும் என்பது அவ்வளவு தூரம் யாருக்கும் தோன்றவே இல்லை. சோதனைக்கு வெளியே தனியாக இயங்கும் கண்காணிப்புக் குழு ஒன்று இருக்கும், நடுநடுவே எண்களைப் பார்ப்பது அதன் வேலை. அந்தக் குழுதான், முடிவுகளைப் பார்க்கத் தொடங்கும் முன்பே, தீமைக்கும் ஒரு எல்லைக்கோடு போட வேண்டும் என்று சொன்னது. அன்றைக்கு அது சம்பிரதாயத்துக்குச் சொன்ன யோசனை மாதிரி இருந்திருக்கலாம். ஆனால் கடைசியில் தாண்டப்பட்டது அந்தக் கோடுதான்.

1989 ஏப்ரல்

கண்காணிப்புக் குழுவுக்கு எண்கள் குறியீட்டுப் பெயரில்தான் காட்டப்பட்டன, எது மருந்துக் குழு, எது வெற்று மாத்திரைக் குழு என்று தெரியாமல். ஒரு பக்கம் சாவு கூடிக்கொண்டே போனது. மருந்துதான் காப்பாற்றும் என்று நம்பியிருந்த ஒருவர் அந்தத் தாளைப் பார்த்தால் சாவு கூடுதலாக இருக்கும் பக்கத்தைத்தானே வெற்று மாத்திரை என்று நினைப்பார்? நேர்மாறு. ஏப்ரலில் குழு கூடி, என்கைனைடு, ஃப்ளெகைனைடு இரண்டையும் உடனே நிறுத்தச் சொன்னது.

அன்றைய கணக்குப்படி இந்த இரண்டு மருந்துகளையோ அவற்றுக்கு ஈடான வெற்று மாத்திரையையோ எடுத்தவர்கள் 1,455 பேர். பின்தொடர்ந்த காலம் சராசரியாகப் பத்தே மாதம். மருந்து எடுத்த 730 பேரில் 56 பேர் இறந்திருந்தார்கள். வெற்று மாத்திரை எடுத்த 725 பேரில் 22 பேர்.

எல்லாத் தகவலும் வந்து சேர்ந்தபின் 1991இல் வெளியான முழு அறிக்கையில் எண்கள் இன்னும் கொஞ்சம் மாறின: மருந்தில் 755 பேர், சாவு 63. வெற்று மாத்திரையில் 743 பேர், சாவு 26. தாளக் குலைவால் மட்டும் இறந்தவர்கள் ஒரு பக்கம் 43, இன்னொரு பக்கம் 16. எதைத் தடுப்பதற்காக மருந்து கொடுத்தார்களோ அதே சாவுதான் இரண்டரை மடங்குக்கு மேல் கூடியிருந்தது. மற்ற இதயக் காரணங்களால் இறந்தவர்கள் 17, 5. இதயத்துக்குச் சம்பந்தமே இல்லாத காரணங்களால் இறந்தவர்கள் 3, 5. அந்தக் கடைசி ஜோடியைக் கவனியுங்கள். மருந்து தொடாத இடத்தில் வித்தியாசம் பெரிதாக இல்லை, தொட்ட இடத்தில் இருக்கிறது. இதைவிடத் தெளிவான சாட்சி கிடைப்பது அபூர்வம்.

பின்தொடர்ந்த காலத்தில் ஏறக்குறைய 20, 21 பேருக்கு மருந்து கொடுத்தால் கூடுதலாக ஒருவர் இறந்திருக்கிறார். இப்போது ஒரு டாக்டரை நினைத்துப் பாருங்கள். அவரிடம் இப்படி 20 நோயாளிகள் இருக்கிறார்கள், எல்லோருக்கும் இந்த மாத்திரை. அவர்களில் ஒன்றிரண்டு பேர் இறக்கிறார்கள். மாரடைப்பு வந்தவர்கள்தானே, இறப்பது எதிர்பாராத விஷயம் அல்ல. 'என்னால் முடிந்ததைச் செய்தேன், அவர் நோய் முற்றியது' என்றுதான் அவருக்குத் தோன்றும். மீதி 18 பேர் முந்து துடிப்பு இல்லாத சுத்தமான பதிவோடு அவர் முன்னால் வந்து உட்கார்ந்து நன்றி சொல்கிறார்கள். எத்தனை வருட அனுபவம் இருந்தாலும், எவ்வளவு கூர்மையான கண் இருந்தாலும், அந்த அறையில் உட்கார்ந்துகொண்டு அவரால் இந்தத் தீமையைப் பார்த்திருக்கவே முடியாது. இறந்தவர் திரும்பி வந்து சொல்லப்போவதில்லை. 1,500 பேரை இரண்டாகக் குலுக்கிப் பிரித்து, இரண்டு பக்கமும் எண்ணிப் பார்த்தால் மட்டுமே தெரியக்கூடிய விஷயம் இது. 'என் அனுபவத்தில் இந்த மருந்து நல்லது' என்று யாராவது உறுதியாகச் சொல்லும்போதெல்லாம் எனக்கு அந்த 18 பேர்தான் நினைவுக்கு வருகிறார்கள்.

'வெறும் மாத்திரை வந்துவிட்டால்?' என்ற கேள்வி. வந்தவர்கள்தான் அதிகம் பிழைத்தார்கள். இந்த ஒரு சோதனையை வைத்து எல்லாவற்றிலும் அப்படித்தான் என்று சொல்ல மாட்டேன். பல சோதனைகளில் மருந்து எடுத்தவர்கள் நன்றாக இருந்திருக்கிறார்கள். ஆனால் எந்தப் பக்கம் நல்லது என்று முன்கூட்டியே தெரியும் என்று நினைப்பது எவ்வளவு பெரிய தவறாக முடியும் என்பதை இந்த எண்களைவிட நேராக யாரும் சொல்ல முடியாது.

ஏன் இப்படி ஆனது

இந்த மருந்துகள் இதயத் தசையில் சோடியம் உள்ளே நுழையும் வாயில்களை அடைக்கின்றன. அதனால் மின்தூண்டல் பரவும் வேகம் குறைகிறது. தழும்பில்லாத இதயத்தில் பொதுவாக இதைத் தாங்கிக்கொள்ள முடியும். மாரடைப்பு வந்த இதயம் அப்படி இல்லை. செத்துப்போன தசை தழும்பாக இறுகியிருக்கும், அந்தத் தழும்புக்குள்ளும் ஓரத்திலும் உயிருள்ள இழைகள் அங்கங்கே ஓடும். ஏற்கெனவே தட்டுத் தடுமாறிப் போகும் மின்தூண்டல் அங்கே இன்னும் மெதுவாகிவிடுகிறது. தழும்பைச் சுற்றி வருவதற்குள், அது கிளம்பிய இடத்தில் இருக்கும் தசை களைப்பு தீர்ந்து மறுபடி தூண்டப்படத் தயாராக இருக்கிறது. அதைத் தூண்டிவிட்டு மறுபடி சுற்றுகிறது. தன் வாலைத் தானே துரத்துகிற மாதிரி நிற்காமல் சுழல்கிறது. ரத்த ஓட்டம் மறுபடி தடைபடும் நேரத்தில் இந்த ஆபத்து இன்னும் கூடும். திரும்பவும் மாரடைப்பு வந்து இதயம் அதிர்ச்சி நிலைக்குப் போய் இறந்தவர்களும் மருந்துக் குழுவில் கூடுதலாக இருந்தார்கள். பொறிகளை அணைத்த அதே மருந்து, விறகைக் காயவைத்துக்கொண்டும் இருந்தது என்று வைத்துக்கொள்ளலாம்.

இதற்கு நேர் எதிரான உதாரணம் ஒன்று காஸ்ட்டுக்கு முன்பே கையில் இருந்தது. ப்ரோப்ரனலால் என்ற பீட்டா பிளாக்கரை (இதயத் துடிப்பை மெதுவாக்கி அதன் பளுவைக் குறைக்கும் மருந்து வகை) வைத்து 3,837 பேரிடம் நடந்த சோதனை 1981இல் முன்கூட்டியே நிறுத்தப்பட்டது, நல்ல காரணத்துக்காக: சாவு 9.8 சதவீதத்திலிருந்து 7.2 ஆகக் குறைந்திருந்தது. பீட்டா பிளாக்கர் முந்து துடிப்பை அடக்குவதில் ஃப்ளெகைனைடு அளவுக்குக் கெட்டி இல்லை. ஹோல்ட்டரை மட்டும் வைத்துத் தேர்வு நடத்தியிருந்தால் ஆளைக் காப்பாற்றும் மருந்து தோற்று, ஆளைக் கொல்லும் மருந்து முதல் பரிசு வாங்கியிருக்கும்.

மோரிசிசின் மட்டும் காஸ்ட் இரண்டு என்ற பெயரில் தொடர்ந்தது. முதல் சோதனையில் கற்ற பாடத்தால் இம்முறை மருந்து தொடங்கும் முதல் 14 நாளையும் குலுக்கலுக்குள் கொண்டுவந்தார்கள். அந்த 14 நாளிலேயே மருந்து எடுத்த 665 பேரில் 17 பேருக்கு மரணமோ இதய நிறுத்தமோ நேர்ந்தது. எடுக்காத 660 பேரில் 3 பேருக்கு. பழைய அமைப்பிலேயே போயிருந்தால் இந்த 17 கண்ணிலேயே பட்டிருக்காது. 1991இல் அதையும் நிறுத்தினார்கள். அதே வருடம் என்கைனைடு விற்பனையிலிருந்து போனது. ஃப்ளெகைனைடு இன்றும் இருக்கிறது, ஆனால் வேறு வேலைக்கு: தழும்பில்லாத, அமைப்பில் கோளாறு இல்லாத இதயத்தில் மேலறைத் தாளம் குலையும்போது. அதே மாத்திரை ஒருவருக்கு மருந்து, இன்னொருவருக்கு ஆபத்து.

மற்ற நோய்களிலும் இது நடந்திருக்கிறது. எலும்பு மெலிவுக்கு ஃப்ளோரைடு கொடுத்துப் பார்த்த சோதனை 1990இல் வெளிவந்தது. முதுகெலும்பின் அடர்த்தி 35 சதவீதம் கூடியது, முதுகைத் தவிர்த்த மற்ற எலும்புகளில் முறிவும் கூடியது. டார்செட்ராபிப் என்ற மருந்து 'நல்ல கொழுப்பை' 72 சதவீதம் உயர்த்தியது. 15,000 பேர் கொண்ட சோதனை 2006இல் பாதியில் நின்றது. இறுதிக் கணக்கில் மருந்துப் பக்கம் 93 சாவு, மறுபக்கம் 59. டி-சோட்டலால், வேறு வகைத் துடிப்பு மருந்து, 1996இல் மறுபடி அதே கதை. இதனால் ரத்தத்தில் அளப்பதெல்லாம் வீண் என்று ஆகிவிடாது. எச்ஐவியில் ரத்தத்தில் இருக்கும் வைரஸ் அளவு குறைந்தால் ஆள் உண்மையிலேயே நீண்ட நாள் வாழ்கிறார், அந்த அளவீட்டை நம்பித்தான் நல்ல மருந்துகள் சீக்கிரம் கைக்கு வந்தன. ஆனால் அந்த நம்பிக்கை பல சோதனைகளில் சாவையும் வாழ்வையும் சேர்த்து எண்ணிப் பார்த்துச் சம்பாதித்த நம்பிக்கை. புதிய மருந்துச் சோதனையில் சேரும்படி உங்களையோ உங்கள் வீட்டாரையோ கேட்டால், பக்கவிளைவு என்ன என்று கேட்பதோடு, 'கடைசியில் நீங்கள் எதை எண்ணப்போகிறீர்கள்?' என்றும் கேளுங்கள். ரிப்போர்ட்டில் வரும் எண்ணையா, ஆள் எத்தனை நாள் எப்படி இருந்தார் என்பதையா? கேட்க உங்களுக்கு முழு உரிமை இருக்கிறது.

இழுப்பறையில் கிடந்த தாள்

இந்தக் கதையில் என்னை மிகவும் வருத்துகிற பகுதியைக் கடைசிக்கு வைத்திருக்கிறேன்.

காஸ்ட் தொடங்குவதற்குப் பல வருடம் முன்பு, 1980இல், லோர்கைனைடு என்ற மருந்தை வைத்து மாரடைப்பு வந்தவர்களிடம் ஒரு சின்னச் சோதனை நடந்திருந்தது. இதுவும் என்கைனைடு, ஃப்ளெகைனைடு வகையைச் சேர்ந்ததுதான். நூறு பேருக்கும் குறைவு. துடிப்புக் கோளாறை மருந்து அழகாக அடக்கியது. மருந்து எடுத்தவர்களில் 9 பேர் இறந்தார்கள், வெற்று மாத்திரையில் ஒருவர். சோதனை சின்னது, இது தற்செயலாக இருக்கும் என்று ஆய்வாளர்கள் நினைத்தார்கள். வணிகக் காரணங்களால் அந்த மருந்தின் வேலையும் கைவிடப்பட்டது, அதனால் முடிவு எங்கும் வெளிவரவில்லை.

அது அச்சில் வந்தது 1993இல். காஸ்ட் முடிந்து, இந்த மாத்திரைகளை மாரடைப்பு வந்தவர்களுக்கு எழுதுவதை டாக்டர்கள் நிறுத்திய பிறகு. வெளியிட்டது அதே ஆய்வாளர்கள்தான். அப்போதே வெளியிட்டிருந்தால் வரப்போகும் ஆபத்துக்கு ஒரு முன்னெச்சரிக்கையாக இருந்திருக்கலாம் என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள். மருந்துச் சோதனைகளைத் தொடங்கும் முன்பே பொதுவில் பதிவு செய்ய வேண்டும், இல்லாவிட்டால் முடிவை வெளியிட மாட்டோம் என்று பெரிய மருத்துவ இதழ்கள் போட்ட நிபந்தனை அமலுக்கு வந்தது 2005இல். 9க்கு 1 என்ற அந்த எண் 13 வருடம் வெளியே வராமல் கிடந்தது. அந்த 13 வருடத்துக்குள்தான் ஃப்ளெகைனைடும் என்கைனைடும் அனுமதி வாங்கியதும், முந்து துடிப்பைத் தவிர வேறு தொந்தரவு இல்லாதவர்களுக்கு எழுதிக் கொடுக்கப்பட்டதும்.